கம்பெனி பதிவு ஆவணங்கள் வெளிநாட்டுக்கு: முதலில் யாருடைய கையொப்பம் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வியின் சாரம்: திருப்பூரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. துபாயில் ஒரு கிளை, பிறகு சிங்கப்பூரில் ஒரு துணை நிறுவனம் தொடங்க எண்ணம். இரண்டு ஊரிலும் "பதிவுச் சான்றிதழ், மெமோராண்டம் (கம்பெனியின் நோக்கமும் மூலதனமும் சொல்லும் ஆவணம்), ஆர்ட்டிகிள்ஸ் (உள்விதிகள்), போர்டு தீர்மானம், எல்லாம் அத்தாட்சியோடு" என்று கேட்கிறார்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்திலிருந்து இறக்கிய பி.டி.எஃப்.பை அச்செடுத்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

2016-க்குப் பிறகு பதிவான கம்பெனிகளின் பதிவுச் சான்றிதழ் காகிதமாக வருவதில்லை. ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையத்தின் பதிவாளர் டிஜிட்டல் கையொப்பம் இட்ட கோப்பாக வருகிறது. அந்தக் கோப்புதான் அசல். அதை அச்செடுத்த கணத்தில் கையொப்பம் வெறும் படமாகிவிடும். போதாக்குறைக்கு, கணினியில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் அச்செடுத்தால் மேலே மஞ்சள் கேள்விக்குறியும் "கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை" என்ற ஆங்கில வரியும் சேர்ந்தே அச்சாகும். துபாயிலோ சிங்கப்பூரிலோ கவுன்டரில் இருப்பவர் இதைப் பார்த்தால் சந்தேகப்படத்தான் செய்வார். அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தைச் சொடுக்கி, வழங்கியவரின் சான்றை நம்பத்தக்க பட்டியலில் சேர்த்த பிறகு பச்சைக் குறி வரும். எந்த வழியில் போனாலும் அதற்குப் பிறகுதான் அச்செடுக்க வேண்டும்.

இனி அடிப்படை விஷயம். அபோஸ்டில் (அதற்கான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தூதரகம் இல்லாமலே ஏற்கும் அத்தாட்சி) ஆனாலும் தூதரக அத்தாட்சி ஆனாலும், ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்று யாரும் சொல்வதில்லை. "இந்தத் தாளில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் இன்னார், இந்தப் பதவியில் இருப்பவர், முத்திரை இன்னாருடையது" என்பது மட்டுமே அதன் பொருள். அபோஸ்டில் ஒட்டுவில்லையில் பத்து வரிகள் இருக்கும். முதல் வரி நாடு. இரண்டாவது கையொப்பமிட்டவர், மூன்றாவது அவர் பதவி, நான்காவது முத்திரை. வெளிநாட்டுப் பதிவு அலுவலகம் முதலில் படிப்பது இந்த வரிகளைத்தான். அங்கே கம்பெனிப் பதிவாளரின் பெயர் இருக்க வேண்டுமா, வணிக சபை (சேம்பர் ஆஃப் காமர்ஸ்) அதிகாரியின் பெயர் இருந்தால் போதுமா என்பதை எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "அத்தாட்சி செய்த நகல்" என்று அவர்கள் பொதுவாகச் சொன்னதை நம்பிக் கிளம்பினால், எல்லாம் முடிந்த பிறகு "பதிவாளர் சான்றிட்ட நகல் அல்லவா கேட்டோம்" என்று பதில் வரும்.

ஆக வழி இரண்டு. ஒன்று, கம்பெனிப் பதிவாளர், அதாவது ஆர்.ஓ.சி., சான்றிட்டுத் தரும் நகல். மற்றொன்று, கம்பெனியே "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியும் வணிக சபையும் அதன் மேல் கையெழுத்திட்ட நகல். இரண்டாவது விரைவு. முதலாவதற்கு மதிப்பு அதிகம்.

பதிவாளர் நகலுக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், கம்பெனி இயக்குநராக இருக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 399-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பதிவாளர் சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் அசலுக்கு இணையான சாட்சியம் என்று சொல்வதும் அதே பிரிவுதான். எம்.சி.ஏ. தளத்தில் கணக்கு தொடங்கி, ஆவண சேவைகளில் சான்றிட்ட நகல் பெறும் பகுதிக்குப் போய், கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என்.னை இட்டு, வேண்டிய ஆவணங்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழ் நகலுக்கு 100 ரூபாய், மற்ற ஆவணங்களுக்குப் பக்கத்துக்கு 25 ரூபாய், அதற்கு மேல் மாநில முத்திரைத் தீர்வை. மெமோராண்டமும் ஆர்ட்டிகிள்ஸும் சேர்ந்து 40 பக்கம் என்றால் 1,000 ரூபாய் ஆகும். கட்டியதும் கிடைக்கும் எஸ்.ஆர்.என். என்ற கோரிக்கை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் ஆர்.ஓ.சி. அலுவலகத்தில் கேட்க அந்த எண்தான் பிடிமானம். வெளிநாட்டுக்கு வேண்டியது மையில் கையொப்பமும் ரப்பர் முத்திரையும் உள்ள காகித நகல் என்பதை மறக்க வேண்டாம். மின்னஞ்சலில் வரும் டிஜிட்டல் நகலை வைத்துக்கொண்டு அபோஸ்டில் வரிசையில் நின்றால், மறுபடி அச்சுப் பிரதிச் சிக்கலுக்கே திரும்புவீர்கள்.

எந்த ஆர்.ஓ.சி. என்பது சி.ஐ.என்.னிலேயே இருக்கிறது. மொத்தம் 21 எழுத்தும் எண்ணும். முதல் எழுத்து பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதற்கு, பிறகு ஐந்து இலக்கத் தொழில் குறியீடு, பிறகு இரண்டெழுத்து மாநிலக் குறி. அது டி.என். என்றால் சென்னைப் பதிவாளர், டி.இசட். என்றால் கோயம்புத்தூர். திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் டி.இசட். நேரில் போய் விசாரிக்கச் சென்னைக்கு ரயில் ஏறும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்த ஆவணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "மெமோராண்டம்" என்று தளத்தில் தனிப் பெயரோடு ஒரே ஒரு கோப்பு காத்திருக்காது. கம்பெனி தொடங்கிய காலத்து மெமோராண்டம் பதிவு ஆவணங்களின் பிரிவில் இருக்கும். அதற்குப் பிறகு நோக்கப் பிரிவை மாற்றியிருந்தால், திருத்திய மெமோராண்டம் எம்.ஜி.டி.-14 படிவத்தின் இணைப்பாக வேறு ஆண்டில் உட்கார்ந்திருக்கும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை உயர்த்தியிருந்தால் எஸ்.எச்.-7 படிவத்தின் இணைப்பில். பழையதற்குப் பணம் கட்டி வாங்கி, அதில் மூலதனம் 1 லட்சம் என்றும், அதே கட்டில் இருக்கும் தணிக்கை அறிக்கையில் 50 லட்சம் என்றும் இருந்தால் துபாயில் கேள்வி எழாமல் இருக்குமா? 100 ரூபாய் கட்டினால் பொது ஆவணங்களைப் பார்வையிடலாம். முதலில் அதைச் செய்து, எந்தக் கோப்பு இன்றைய நிலையைச் சொல்கிறது என்று உறுதி செய்துகொண்டு நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

பெயர் மாறிய கம்பெனியானால் இரண்டு சான்றிதழும் வேண்டும்: முதல் பதிவுச் சான்றிதழ், பெயர் மாற்றத்துக்குப் பின் தந்த சான்றிதழ். பிரைவேட் லிமிடெட் பப்ளிக் ஆகியிருந்தாலும் அப்படியே. இன்றைய பெயர் மட்டும் உள்ள சான்றிதழைக் கொடுத்தால், பழைய பெயரில் இருக்கும் டிரேட் மார்க்கையோ வங்கிக் கடிதத்தையோ இணைத்துக் காட்ட வழியிருக்காது.

இன்னொரு தொழில்நுட்பத் தொல்லை. ஸ்பைஸ் என்ற இணையப் பதிவுப் படிவம் வழியே பதிவான கம்பெனிகளின் மெமோராண்டம் ஐ.என்.சி.-33, ஆர்ட்டிகிள்ஸ் ஐ.என்.சி.-34 என்ற மின்படிவங்களில் இருக்கும். இவற்றில் பல சாதாரண பி.டி.எஃப். அல்ல. குரோமில் திறந்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற ஆங்கில வாசகம் உள்ள ஒரே ஒரு பக்கம்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணினியில் இறக்கி அடோபி ரீடரில் திறந்தால் முழுதும் வரும், அச்சும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். கைப்பேசியில் முயல்வது வீண்.

2006-இல் எம்.சி.ஏ.-21 மின்முறை வருவதற்கு முன் பதிவான பழைய கம்பெனிகளுக்குக் காகிதச் சான்றிதழ் இருக்கும், தளத்தில் எல்லாப் பழைய ஆவணமும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த ஒரே அசலில் எந்த ஒட்டுவில்லையும் ஒட்ட விடாதீர்கள், லாமினேட்டும் செய்யாதீர்கள். லாமினேட் செய்த தாளில் முத்திரையும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. நகலுக்குத்தான் அத்தாட்சி, அசலை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் காட்டுங்கள்.

இரண்டாவது வழியான கம்பெனி நகலுக்கு வருவோம். போர்டு தீர்மானமும் பவர் ஆஃப் அட்டர்னியும் எப்படியும் இந்த வழியில்தான் போயாக வேண்டும், அவை பதிவாளரிடம் இருப்பவை அல்ல.

தீர்மானத்தை லெட்டர்ஹெட்டில், கூட்டத் தேதியோடு, "சான்றிட்ட உண்மைப் பிரதி" என்ற தலைப்பில் எடுக்க வேண்டும். "வெளிநாட்டில் கிளை தொடங்க அனுமதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. கிளையா துணை நிறுவனமா, எந்த நாடு, எந்த எமிரேட், உத்தேசப் பெயர், மூலதனம் எவ்வளவு, பிரதிநிதி யார், அவர் பாஸ்போர்ட் எண் என்ன, உரிமத்துக்கு விண்ணப்பிக்க, வங்கிக் கணக்கு திறக்க, வாடகை ஒப்பந்தம் போட, விசா தாள்களில் கையெழுத்திட என எந்தெந்த அதிகாரம் தரப்படுகிறது, எல்லாம் வர வேண்டும். வங்கி அதிகாரத்தை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து முழுச் சுற்றும் சுற்றுவது வழக்கமாக நடப்பது. அதிகாரம் பெறுபவரே தனியாகக் கையெழுத்திட்டுத் தன் அதிகாரத்தைத் தானே சான்றிடக் கூடாது. வேறொரு இயக்குநரோ கம்பெனிச் செயலரோ போடட்டும். கீழே டி.ஐ.என்., அதாவது இயக்குநர் அடையாள எண், இருக்கட்டும். பொது முத்திரை கட்டாயமில்லை என்று 2015 திருத்தச் சட்டம் சொல்லிவிட்டாலும், வளைகுடா நாட்டு அலுவலகங்கள் முத்திரை இல்லாத தாளை நம்புவதில்லை. வட்ட ரப்பர் ஸ்டாம்ப்பைப் போட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். எம்.சி.ஏ. பதிவில் இனிஷியல் விரிந்து முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும், தீர்மானத்தில் பழக்கப்படி ஓரெழுத்து இனிஷியல். துபாயில் இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். தீர்மானத்திலும் பவரிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, எழுதுங்கள். டி.ஐ.என். பதிவே வேறாக இருந்தால் டி.ஐ.ஆர்.-6 படிவத்தில் திருத்துவதுதான் நிரந்தரத் தீர்வு. "இரு பெயரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரம் அவசரத்துக்கு மட்டும், அதற்கும் தனியே அத்தாட்சிச் செலவு விழும். கம்பெனி பெயரிலும் "பிரைவேட் லிமிடெட்" என்பதை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதாதீர்கள்.

இனி வரிசை. நோட்டரி, வணிக சபை, வெளியுறவு அமைச்சகம். நோட்டரியின் முத்திரையில் பெயர், பதிவு எண், அதிகாரப் பகுதி தெளிவாக இருக்க வேண்டும். நோட்டரி பதிவேட்டு வரிசை எண்ணும் தேதியும் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். தேதி முன்பின்னாகவும் கூடாது: தீர்மானம் 10-ஆம் தேதி, நோட்டரி 8-ஆம் தேதி என்றிருந்தால் அத்தோடு முடிந்தது. அடுத்து வணிக சபை. வணிக ஆவணங்களுக்கு வணிக சபையின் அத்தாட்சி இருந்தால்தான் வெளியுறவு அமைச்சகம் ஏற்கும். கல்விச் சான்றிதழுக்கு மாநில அரசு கையெழுத்து எப்படியோ, இதற்குச் சபை அப்படி. ஆனால் அந்தச் சபை அதிகாரியின் மாதிரிக் கையொப்பம் அமைச்சகத்தின் கோப்பில் இருந்தாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு வணிகர் சங்கத்தில் முத்திரை வாங்கிப் பயனில்லை. போகும் முன், "உங்கள் கையொப்பம் எம்.இ.ஏ.வில் (வெளியுறவு அமைச்சகத்தில்) பதிவாகியிருக்கிறதா, எந்தக் கிளையில்?" என்று கேட்டுவிடுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணம் கூடுதலாக இருக்கும். கம்பெனியின் கோரிக்கைக் கடிதம், பொறுப்புறுதிக் கடிதம், கையெழுத்திட்டவரின் அடையாளச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

வெளியுறவு அமைச்சகம் 2012 முதல் தனிநபர்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை, அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியே மட்டும். 2019 முதல் டெல்லிக்கு வெளியே பல நகரங்களிலும் இந்த வேலை நடக்கிறது, சென்னையும் அதில் ஒன்று. அபோஸ்டிலுக்கு அமைச்சகக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், சேவை நிறுவனத்தின் கட்டணமும் ஸ்கேன் கட்டணமும் தனி. ஏஜென்டுகள் ஆவணத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும்போது, அதில் சபைக் கட்டணம் எவ்வளவு, தூதரகக் கட்டணம் எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் அசலைக் கொடுக்காதீர்கள்.

இங்கேதான் உங்கள் இரண்டு நாடுகளும் பிரிகின்றன. இந்தியாவில் அபோஸ்டில் உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூர் 2021 செப்டம்பரில் சேர்ந்தது. எனவே சிங்கப்பூருக்கு அமைச்சகத்தின் அபோஸ்டிலோடு வேலை முடிந்தது, தூதரகம் போக வேண்டாம். சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் அதே கணக்கில் வந்துவிட்டன. பழைய ஏஜென்டுகள் இன்னும் சவூதிக்குத் தூதரகக் கட்டணம் போட்டால் கேள்வி கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் உடன்படிக்கையில் இல்லை. துபாய்க்கு அமைச்சகத்தில் வாங்க வேண்டியது அபோஸ்டில் அல்ல, சாதாரண அத்தாட்சி. அதன் பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். துபாய் போன பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகம். பிறகு அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அரபு மொழிபெயர்ப்பு. விண்ணப்பத்தில் நாட்டின் பெயரைத் தவறாகக் குறித்து அபோஸ்டில் ஒட்டி வந்துவிட்டால் அந்தத் தாள் துபாய்க்கு ஆகாது.

ஜெர்மனி தனிக்கதை. இரண்டு நாடும் உடன்படிக்கையில் இருக்கின்றன, ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இருவருக்கும் இடையே அது செல்லாது. ஆகவே பட்டியலில் நாட்டின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், உடன்படிக்கையைப் பராமரிக்கும் ஹேக் மாநாட்டுத் தளத்தில் உள்ள நிலை அட்டவணையில் ஆட்சேபக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அமீரகத் தூதரகக் கட்டணம் வணிக ஆவணத்துக்கு, தனிநபர் ஆவணத்தைவிடப் பல மடங்கு, அதுவும் ஆவணம் ஒன்றுக்கு. அதனால் பதிவுச் சான்றிதழ், மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ் மூன்றையும் ஒரே கட்டாகத் தைத்து, பக்க எண் இட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் முத்திரையும் வைத்து ஒரே ஆவணமாகக் கொண்டுபோவது வழக்கம். செலவு குறையும். ஆனால் துபாயில் உரிமம் தரும் அலுவலகம் அப்படி ஏற்குமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். வங்கிக்குத் தனியாகச் சான்றிதழ் மட்டும் வேண்டுமென்றால் கட்டைப் பிரிக்க முடியாது. ஸ்டேபிளைக் கழற்றிய அடையாளம் தெரிந்தாலே அத்தாட்சி செல்லாது என்பார்கள். ஸ்கேன் எடுக்கக்கூட கட்டைக் கழற்றாமல் மடித்து வைத்தே எடுக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தையும் பவரையும் மட்டும் எப்போதும் தனித்தனியாக வைத்திருப்பது நல்லது, ஆள் மாறினால் அவற்றை மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.

சிங்கப்பூருக்கு மொழியாக்கம் தேவையில்லை, ஆங்கிலமே போதும். மொழிபெயர்ப்பு தேவைப்படும் நாடுகளுக்கு இங்கே முன்கூட்டியே மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஒட்டுவில்லையும் முத்திரைகளும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும், அவை கடைசியில்தான் வரும்.

வெளிநாட்டு வங்கிகள் கேட்கும் சில பெயர்களுக்கு இந்தியாவில் நேர் ஆவணம் இல்லை. "குட் ஸ்டாண்டிங்" (கம்பெனி ஒழுங்காக இயங்குகிறது என்ற) சான்றிதழுக்குக் கம்பெனிகள் சட்டத்தில் தனி ஏற்பாடு கிடையாது. அதற்குப் பதிலாக எம்.சி.ஏ. தளத்தின் மாஸ்டர் டேட்டா (கம்பெனியின் அடிப்படை விவரங்கள்) பக்கத்தை அச்செடுத்து, தனியே தொழில் நடத்தும் கம்பெனிச் செயலர் ஒருவர் சான்றிட்டு, அந்தச் சான்றுக்கான தனி அடையாள எண்ணான யு.டி.ஐ.என். இட்டுத் தரலாம். அந்த எண்ணை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம் என்பதால் வங்கிகளுக்கு நம்பிக்கை வரும். ஆனால் அதற்கு முன் அந்தப் பக்கத்தில் கம்பெனியின் நிலை "ஆக்டிவ்" என்று இருக்க வேண்டும். ஆண்டறிக்கை நிலுவையில் இருந்தாலோ, இயக்குநரின் கே.ஒய்.சி. தவறி டி.ஐ.என். முடங்கியிருந்தாலோ அதை முதலில் சரிசெய்யுங்கள், ஒட்டுவில்லை எதுவும் அதை மறைக்காது. இயக்குநர், பங்குதாரர் பட்டியலுக்கும் இதே முறைதான்; ஆதாரமாக எம்.ஜி.டி.-7 ஆண்டுப் படிவத்தின் நகல். "தொழில் தொடங்கும் சான்றிதழ்" கேட்டால், 2018 நவம்பர் 2-க்குப் பின் பதிவான கம்பெனி ஐ.என்.சி.-20ஏ தாக்கல் செய்த ரசீதைக் காட்டலாம். அதற்கு முந்தைய பெரும்பாலான பிரைவேட் கம்பெனிகளுக்கு அப்படி ஒன்று இல்லை; உங்களுக்கும் அப்படியானால் அதைச் செயலரின் கடிதத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கூட்டு நிறுவனமாக, அதாவது பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் மேலே சொன்ன ஆர்.ஓ.சி. வழி பொருந்தாது. தமிழ்நாட்டில் அது பதிவுத்துறையின் கீழ் உள்ள நிறுவனப் பதிவாளரிடம் வாங்க வேண்டியது. எல்.எல்.பி.க்கு, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனத்துக்கு, எம்.சி.ஏ. தளமே.

அபோஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பெறும் அலுவலகங்கள் "மூன்று மாதத்துக்குள் எடுத்த நகல்" என்று கேட்பதுண்டு. அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கிப் பூட்டி வைப்பதும் நல்லதல்ல. உங்கள் கணக்கில் துபாய் முதலில், சிங்கப்பூர் பிறகு என்பதால், இப்போது ஆர்.ஓ.சி. நகலை இரண்டு செட்டாகக் கேட்டு வாங்கி, துபாய் செட்டை மட்டும் அத்தாட்சிக்கு அனுப்புங்கள். துபாய் வழிக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். சிங்கப்பூர் தேதி நெருங்கும்போது இரண்டாவது செட்டின் தேதியை அவர்கள் ஏற்பார்களா என்று கேட்டுவிட்டு அபோஸ்டிலுக்குக் கொடுங்கள். ஏற்காவிட்டால் புது நகலுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் போகும்.

துணை நிறுவனத்துக்குப் பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கி வழியே எஃப்.சி. என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து ரிசர்வ் வங்கியின் யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் பெற வேண்டும், 2022-இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகள்படி. அதற்கும் அதே போர்டு தீர்மானம்தான் கேட்பார்கள். எழுதும்போதே வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவில் வரைவைக் காட்டிவிட்டால் ஒரே தீர்மானம் இரண்டு இடத்துக்கும் உதவும்.